நாத்தனாரும் துவரம்பருப்பும்

மாமியார் என்கூட பேசறதில்ல. காரணம் துவரம்பருப்பு.

இவர் ஆன்லைன்ல புள்ளியியல் கோர்ஸ் சேர்ந்திருக்கார். காசு கட்டிட்டார், அதனால விடமாட்டார். பயிற்சிக்கு நிஜமான டேட்டா வேணுமாம். மழை அளவு, பங்குச்சந்தைன்னு ஊருல எவ்வளவோ கிடக்க, இவர் கை போனது மாமியாரோட மளிகை நோட்டுக்கு. போன வருஷத்து அண்ணாச்சி கடைக் கணக்கு முழுக்க அதுல இருக்கு.

ஒத்தை விரலால எக்செல்ல ஏத்தினார். அரை கிலோவுக்கு 1/2-ன்னு அடிச்சா அது பிப்ரவரி ஒண்ணாம் தேதியாகிடுச்சு. எக்செல் 1900 ஜனவரி 1-ல இருந்து நாளை எண்ணுமாம். அந்தக் கணக்குல 1-2-2026ங்கறது 46,054. சராசரி போட்டா, மாசத்துக்கு 19 ஆயிரத்துச் சொச்சம் கிலோ பருப்பு! கல்யாண மண்டபத்துக்கே அது தாங்காது.

"விஞ்ஞானிகளுக்கே இப்படித்தான்மா. மார்ச்1-ன்னு ஒரு மரபணு, எக்செல் அதைத் தேதியாக்கிடும். கடைசியில 2020-ல அந்த மரபணுவோட பேரையே மாத்திட்டாங்க"ன்னார்.

"பருப்புக்கு என்ன பேர்டா வெக்கப்போற?"ன்னாங்க மாமியார்.

ரோஷம் வந்து பைத்தான்ங்கற நிரல்மொழிக்குத் தாவினார். அங்க இன்னொரு கூத்து. அதே பன்னிரண்டு மாசம், அதே பருப்பு. திட்ட விலக்கம், அதாவது சராசரியில இருந்து கணக்கு எவ்வளவு சிதறுதுங்கற அளவு, பாண்டாஸ்ல ஒண்ணு, நம்பைல ஒண்ணு. ரெண்டும் பைத்தானோட கணக்குப் போடற துணை நிரல்களாம். சும்மா விட்டா முதலாவது 11-ஆல வகுக்குமாம், ரெண்டாவது 12-ஆல. இதை நடுராத்திரி என்னை எழுப்பிச் சொன்னார். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்ல.

மறுநாள், "அக்கா எந்தெந்த மாசம் எத்தனை நாள் தங்கினா?"ன்னு கேட்டார். காலண்டரைப் பார்த்து வெள்ளந்தியா சொன்னேன். (வெள்ளந்தியாத்தான். நம்புங்க.)

சாப்பிடும்போது லேப்டாப்பைத் தட்டு பக்கத்துல வெச்சு அம்மாகிட்ட காட்டறார்: குறுக்கால பருப்பு, நெடுக்கால அக்கா. புள்ளியெல்லாம் வரிசையா மேல ஏறுது. ஒட்டுறவு, அதாவது ரெண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குதுங்கற அளவு, 0.87-ஆம். 1-ன்னா அச்சு அசலாச் சேர்ந்து போகுதாம். "ஆனா ஒட்டுறவு இருந்தா அதுதான் காரணம்னு சொல்ல முடியாதும்மா"ன்னு விளக்கம் வேற.

மாமியார் அவரைப் பார்க்கல. என்னைப் பார்த்தாங்க.

வெள்ளிக்கிழமை நாத்தனார் வர்றாங்க. அண்ணாச்சிகிட்ட மூணு கிலோ பருப்பு சொல்லியாச்சு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. இவருக்கு ஒரே குஷி. புது டேட்டா வருதாம்.