வாய்க்காலுக்கு ஒரு கடிதம் வாங்க பதினாறு மாசம்

2024 டிசம்பர் கடைசி வாரம், எங்கள் ஊர் வாய்க்காலைத் தூர்வார அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சியில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. இன்னும் பத்து நாள் இழுத்திருந்தால் நான் வெறும் மனுதாரர்தான்.

கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர் பெயர் வேண்டாம், நாளைக்கும் அதே ஆபீஸ் படிதான் ஏறணும். ஊருக்கு நடுவே பழைய வாய்க்கால் ஒன்று, தண்ணி பார்த்து இருபது வருஷமாச்சு. உள்ளே சீமைக்கருவேலம், கோழிக்கடைக் கழிவு, வருஷத்துக்கு ஒரு அடி நகர்ந்து வரும் வேலிகள். அதை ஊராட்சிக்கு வாங்கி, தூர்வாரி, கரையில் நடைபாதை போடலாம் என்று 2023 ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். எல்லோரும் கை தூக்கினார்கள். லட்டு கொடுத்தோம். சுலபமான வேலை அதோடு முடிந்தது.

வாய்க்கால் யாருடையது? ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவான ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்கு, அதற்கு மேல் நீர்வளத்துறைக்கு. எங்கள் வாய்க்கால் போய்ச் சேர்வது ஒன்றிய ஏரியில், பிரிவது நீர்வளத்துறைக் கால்வாயிலிருந்து. இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் இங்கே. நாலு நடை. ஒவ்வொரு மேஜையிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுக்காரர் வரலீங்களாம்மா?" மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன், "அவருக்கு ஓட்டு விழலைங்க சார், எனக்குத்தான் விழுந்துச்சு."

கடைசியில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'இந்த சர்வே எண் எந்தத் துறைப் பொறுப்பு' என்று ஒரே வரியில் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டேன். நாலு நடையில் கிடைக்காத பதில் தபாலில் வந்தது: நீர்வளத்துறை. முதல் நாளே போட்டிருக்கணும்.

அடுத்த அடி, கிளார்க் தீர்மான நகலைத் திருப்பிக் கொடுத்தது. நாங்கள் 1 ஏக்கர் 54 சென்ட் என்று எழுதியிருந்தோம். வருவாய்த்துறை நிலப் பதிவேடான ஏ ரிஜிஸ்டரில் 0.62.5 ஹெக்டேர். "இரண்டும் ஒண்ணுதானே சார்?" "கணக்கு ஒண்ணுதாம்மா, பேப்பர் ஒண்ணு இல்லையே." அடுத்த கிராம சபை அக்டோபர் 2. ஒரு அளவை மாற்றி எழுத அதுவரை காத்திருந்தோம். தீர்மானம் எழுதும் முன்பே ஏ ரிஜிஸ்டரையும் எஃப்.எம்.பி.யையும் (புல வரைபடம்) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் அதில் இருக்கிறபடியே எழுதுங்கள். மனு எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எழுந்து வராதீர்கள்.

சர்வேயர் வர ஐந்து மாசம். வந்தவர் காலையிலிருந்து தேடியும் எல்லைக் கல்லைக் காணோம். வெயில் ஏறின பிறகு உதவியாளர் ஒரு தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். கல் அங்கே நின்றது, கழுத்தில் கயிறு தேய்ந்த தழும்போடு, தலையில் சாணி அப்பிக்கொண்டு. துடைத்தால் சர்வே கல்லுக்கான கூட்டல் குறி. மாட்டுக்காரப் பாட்டி பதறவே இல்லை: "எங்க மாமியா காலத்துல இருந்து மாடு கட்டற கல்லு கண்ணு அது. நல்லா அசையாம இருக்கும்." அசையாத கல் எட்டு மீட்டர் நடந்து வந்திருந்தது.

அளந்த பிறகும் ஃபைல் தூங்கியது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லைதான், ஆனால் தண்ணிக்குப் பழைய வழி மறக்கவில்லை. வாய்க்கால் அடைத்திருந்ததால் பதினொரு வீட்டுக்குள் புகுந்தது. மூன்றாம் நாள் ஆபீஸ்காரர்களே போன் பண்ணினார்கள், "அந்த வாய்க்கால் மேப் உங்ககிட்ட இருக்குங்களா மேடம்?" அதுவரைக்கும் 'ம்மா', அன்றைக்கு மேடம்.

கடிதத்தில் நாங்கள் கேட்டது முழுசாக இல்லை. நிலம் ஊராட்சிக்கு வராது, நீர்நிலைப் புறம்போக்காகவே இருக்கும். தூர்வாரிப் பராமரிக்க மட்டும் அனுமதி. சிமெண்ட் நடைபாதை கூடாது, கரையில் பனை வைக்கலாம். முதலிலேயே 'பராமரிப்பு அனுமதி' என்று கேட்டிருந்தால் பாதி நாள் மிச்சம். நூறு நாள் வேலையில் ஜே.சி.பி. இறக்க முடியாது, கருவேல வேர் மண்வெட்டிக்கு அசையாது. அதற்குத் தனி நிதி பார்க்கணும். இனி அது, எங்களுக்குப் பதிலாக ஊராட்சியைப் பார்க்கும் தனி அலுவலர் பாடு. ஃபைலின் முழு நகல் ஒன்றை அவரிடம் கொடுத்தேன், ஒன்று என் பீரோவில்.

கல்லை அதன் இடத்தில் திரும்ப நட்டாச்சு. பாட்டி இப்போது மாட்டை வாய்க்கால் ஓரத்துக் கருவேல மரத்தில் கட்டுகிறார். ஏலத்துக்காக அந்த மரத்துக்கும் போன வாரம் நம்பர் போட்டுவிட்டார்கள். இன்னும் நான் சொல்லவில்லை.