கூரையை எண்ணினா ஆக்களை எண்ணினதாகுமோ?

ரெண்டு கிழமையா யாழ்ப்பாணத்திலை கலட்டிப் பக்கத்து ஒழுங்கையளுக்குள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வீடாத் திரியிறன், கம்பஸ் ஆய்வுக்கு. நகரத்திலை எந்த வீட்டிலை ஆக்கள் இருக்கினம், எது சும்மா பூட்டிக் கிடக்கு, இவ்வளவுதான் கேள்வி. லப்டொப்புக்கு முன்னாலை இருந்தே முடிச்சுப்போடலாம் எண்டுதான் துவங்கினனான்.

சென்சஸை எடுத்துப் பாத்தா நடுவிலை பெரிய பள்ளம். 1981 இலை எடுத்தது, 1991 இலை எடுக்கவே இல்லை, 2001 இலை சண்டையாலை எங்கடை பக்கம் முழுசா எடுக்க ஏலாமப் போச்சு, பேந்து 2012 தான். மாநகரசபை எல்லைக்குள்ளை 81 இலை 1 இலட்சத்து 18 ஆயிரம் பேர், 2012 இலை 88 ஆயிரம். இந்த ரெண்டையும் எக்செல்லிலை போட்டுக் கோடு இழுத்தா சனம் மெல்ல மெல்லக் குறைஞ்சமாதிரி வடிவா ஒரு சரிவு வருது. மெல்லவோ! 95 ஒக்டோபர் கடைசியிலை ஒரு ராத்திரி சண்டையாலை ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தாலை நடந்தது அந்தக் கோட்டிலை எங்கை கிடக்கு?

சரி, சட்டலைட் படம் பாப்பம் எண்டு லான்ட்சாட் படங்களை இறக்கினன், காசு இல்லை, பழைய வருஷமும் இருக்கு. ஆனா அதிலை ஒரு பிக்சல், அதுதான் படத்திலை ஒரு புள்ளி, 30 மீற்றருக்கு 30 மீற்றர், எங்கடை கணக்கிலை மூண்டரைப் பரப்புக் காணி. வீடு, கிணறு, மாமரம், பின்வளவுப் பனை எல்லாம் குழைச்சு ஒரே நிறம். சென்டினல் எண்ட மற்றச் சட்டலைட்டின்ரை படத்திலை பிக்சல் 10 மீற்றர், கொஞ்சம் பரவாயில்லை. கூகுள் ஏர்த்திலை கூரையே தெரியும், ஆனா கூரைக்குக் கீழை ஆர் இருக்கினம் எண்டு மேலை இருந்து பாக்க ஏலாதே. வாக்காளர் பட்டியலும் சரிவராது, வெளிநாட்டுக்குப் போன ஆக்களின்ரை பேரும் அதிலை கிடக்கு.

அதுதான் நடை. ஒரு மாடி வீடு, கேற்றிலை பெரிய ஆமைப்பூட்டு, நான் "ஆள் இல்லை" எண்டு எழுதப்போக பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, "உது கனடாக்காரற்றை வீடு தம்பி, நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் வருவினம், ஆனா பின்னுக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கு, ஒழுங்கையாலை சுத்திப் போம். கேற்றைப் பாத்து எழுதாதையும், கிணத்தடியைப் பாரும், ஈரமெண்டா ஆள் இருக்கு" எண்டா. போய்ப் பாத்தன், கிணத்துக்கட்டிலை சவர்க்காரக் கோப்பை, வாளி, சீமெந்து நனைஞ்சு கிடக்கு.

அண்டைக்கே ஆய்வுப் படிவத்திலை "கிணத்தடி ஈரமோ" எண்டு ஒரு நிரல் கூட்டிப்போட்டன். சேர் அதைப் பாத்துச் சிரிச்சவர், பேந்து மெல்லக் கேட்டார், "ஐப்பசி மழை துவங்கினா என்ன செய்வீர்?"

மிச்ச ஒழுங்கையளைப் புரட்டாதிக்குள்ளை முடிக்கவேணும். வெயில் மண்டையைப் பிளக்குது.