ஒரு புள்ளியில் போன விருது: கூப்பர்ஸ்டவுன் பயணம்

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் மேற்கே சென்றால், ஒட்செகோ ஏரியின் தென்கரையில் கூப்பர்ஸ்டவுன் வருகிறது. இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத இச்சிற்றூரில்தான், 1939-இல் திறக்கப்பட்ட பேஸ்பால் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் சென்றது அக்டோபர் நடுவில், மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும் நாள்களில். அவ்வாண்டின் எம்.வி.பி. விருதுக்கான வாக்குகள் அதற்குள் அளிக்கப்பட்டுவிட்டன. முடிவு நவம்பரில்தான் வெளியாகும்.

‘மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரர்’ என்னும் இவ்விருதை 1931 முதல் பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் வழங்கிவருகிறது. ‘பெரிய லீகுகள்’ எனப்படும் அமெரிக்க லீக், தேசிய லீக் இரண்டுக்கும் தலா ஒன்று. லீகுக்கு முப்பது செய்தியாளர்கள் பத்துப் பெயர்களை வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள். முதலிடத்துக்கு 14 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 9, பிறகு 8, 7 என இறங்கிப் பத்தாம் இடத்துக்கு 1. இறுதிக்கட்டப் போட்டிகள் தொடங்குமுன்பே வாக்களித்துவிட வேண்டும் என்பதால், கோப்பைக்கான ஆட்டங்களில் ஒருவர் என்ன சாதித்தாலும் அது கணக்கில் சேராது. கிரிக்கெட்டில் தொடர்நாயகன் விருதைத் தொடர் முடிந்த பிறகு அறிவிப்பதையே பார்த்துப் பழகிய எனக்கு, இது முதலில் விசித்திரமாகப் பட்டது.

பேஸ்பாலின் புகழ்மிக்கோரைப் போற்றும் வெண்கலத் தகடுகள் வரிசையாகப் பதிக்கப்பட்ட கூடத்தின் வாயிலருகே, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸின் ஆளுயர மரச்சிலை நிற்கிறது. 1941-இல் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது அடிக்க வந்த வாய்ப்புகளில் ‘ஹிட்’ ஆனவற்றின் விகிதம், 0.406. அதற்குப் பிறகு அமெரிக்க, தேசிய லீகுகளில் எவரும் ஒரு முழுப் பருவத்தில் 0.400-ஐ எட்டியதில்லை. ஆனால் அவ்வாண்டின் விருது, தொடர்ந்து 56 ஆட்டங்களில் ‘ஹிட்’ (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) அடித்த ஜோ டிமாஜியோவுக்குச் சென்றது. அதையாவது ஏற்றுக்கொள்ளலாம். 1947-இல் சராசரி (0.343), ஹோம் ரன் (32), ஆர்.பி.ஐ. எனப்படும், தம் அடியால் அணிக்குக் கிடைத்த ரன்கள் (114) ஆகிய மூன்றிலும் லீகில் முதலிடம் பெற்று வில்லியம்ஸ் ‘டிரிப்பிள் கிரவுன்’ வென்றார். டிமாஜியோவின் கணக்கோ 0.315, 20, 97. இருந்தும் விருது டிமாஜியோவுக்கே: 202 புள்ளிகளுக்கு 201. யாரோ ஒருவர் தம் சீட்டில் வில்லியம்ஸை ஓரிடம் மேலே எழுதியிருந்தால் அவர் குறைந்தது சமநிலைக்காவது வந்திருப்பார்.

டிமாஜியோவின் யாங்கீஸ் அணி அவ்வாண்டு லீகை வென்றது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் 1949-இலும் யாங்கீஸ்தான் வென்றது. விருதோ வில்லியம்ஸுக்குக் கிடைத்தது. அவருக்கும் பாஸ்டன் பத்திரிகையாளர்களுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த சேதி. அது ஒருபுறமிருக்க, ‘மதிப்பு’ என்றால் என்ன என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை என்று வாக்காளர்களுக்கான விதிமுறையே ஒப்புக்கொள்கிறது. அணிக்கு ஒருவர் உண்மையில் எவ்வளவு பயன்பட்டார், எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்பவற்றோடு குணம், விசுவாசம், முயற்சி ஆகியவற்றையும் கருதச் சொல்லும் அவ்விதி, முடிவை வாக்களிப்பவரிடமே விட்டுவிடுகிறது. ஏழு முறை இவ்விருதை வென்ற ஒரே ஆட்டக்காரரான பேரி பாண்ட்ஸுக்கு, ஊக்கமருந்துச் சர்ச்சையின் காரணமாக, இக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதையும் அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

நான் அதிக நேரம் நின்றது ஜாக்கி ராபின்சனின் தகட்டின் முன்புதான். 1947-இல், கறுப்பினத்தவரைப் பெரிய லீகுகளில் சேர்க்காத நிறத்தடையை உடைத்து உள்ளே வந்த அவர், 1949-இல் தேசிய லீகின் எம்.வி.பி. ஆனார், இவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவ்வாண்டு முதல் 1959 வரையிலான பதினொரு தேசிய லீக் விருதுகளில் ஒன்பது கறுப்பின வீரர்களுக்குச் சென்றன. ஆனால் அன்று அவ்விருதுக்கு இருந்த பெயர் கெனிசா மவுன்டன் லாண்டிஸ்! 1920 முதல் 1944-இல் இறக்கும்வரை பேஸ்பால் ஆணையராக இருந்த லாண்டிஸின் காலம் முழுவதும் பெரிய லீகுகளில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடியதில்லை. முன்னாள் வெற்றியாளர்கள் சிலரே குரல்கொடுத்த பிறகு, 2020-இல் சங்கம் அப்பெயரை விருதிலிருந்து நீக்கியது. லாண்டிஸின் தகடு மட்டும், ராபின்சனின் தகடு இருக்கும் அதே கூடத்தில், இன்னும் தொங்குகிறது.