காது வலி கண்ணுக்குப் பின்னால் போனால்

நடுக்காதில் வைத்த சீழ், ஆறாமல் போனால், நெற்றிப்பொட்டு எலும்பின் உள்முனை வரை பரவக்கூடும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. அப்போது காதில் சீழ் வடிவதோடு, கண்ணுக்குப் பின்னால் ஆழமாகக் குடையும் வலியும், பக்கவாட்டில் பார்த்தால் ஒரே பொருள் இரண்டாகத் தெரிவதும் சேர்ந்து வரலாம். கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது மூளை நரம்பும், முகத்துக்கு உணர்வு தரும் ஐந்தாவது நரம்பும் அந்த முனையை ஒட்டியே செல்வதுதான் காரணம். இத்தாலிய மருத்துவர் கிராடெனிகோ 1904-இல் விவரித்த இம்மூன்று அறிகுறிகளும் எல்லோரிடமும் ஒருசேரத் தோன்றுவதில்லை என்பதே என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

காதுக்குப் பின்புறம் சிவந்து வீங்கி, மடல் முன்தள்ளி நின்றாலும் தாமதிக்காதீர்கள். சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு, இரவில் தூங்கவிடாத காது வலியோடு முகம் ஒருபுறம் கோணினால், சொட்டு மருந்தோடு நின்றுவிடாமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அழைத்துச் செல்லுங்கள்.