பேனலுக்குப் பின்னால் ஒரு பின்

ஒஹாயோவில் ஏழு வருடம் வார இறுதிகளில் நானே கட்டிய ஆர்வி-7ஏ விமானம் இது. போன மாதம் பறந்துகொண்டிருந்தபோது ஆயில் பிரஷர் திடீரென்று பூஜ்யம் காட்டியது. அடுத்த நொடி 75. மறுபடி பூஜ்யம். டெம்பரேச்சர் ஏறவில்லை, இன்ஜின் சத்தமும் மாறவில்லை. ஆனாலும் உடனே இறங்கிவிட்டேன். இன்ஜின் பக்கம் சென்சாரையும் வயரையும் பார்த்தேன், பழுதில்லை. மிச்சமிருந்தது பேனலுக்கு, அதாவது மீட்டர்கள் இருக்கும் முன்பலகைக்குப் பின்பக்கம்.

என் விமானத்தின் கண்ணாடி மூடி பின்னால் நகரும் ரகம். பேனலுக்கு மேலுள்ள தகடு ரிவெட் அடித்து மூடியது. முன்பக்கம் தூக்கித் திறக்கும் ரகத்தில் மேலிருந்தே கைவிடலாம். எனக்கு ஒரே வழி, மல்லாந்து படுத்துத் தலையை ரடர் பெடல்களுக்கு (வால் சுக்கானைத் திருப்பும் கால்மிதிகள்) நடுவே நுழைப்பதுதான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். சீட்டுகளை எடுத்துவிட்டு, முதுகை அறுக்கும் ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) விளிம்பின் மேல் பலகையும் ஃபோமும் போட்டேன். மூக்குக்கண்ணாடிதான் பெரிய பாடு. பைஃபோகலில் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது. மல்லாந்து அண்ணாந்தால் எல்லாம் மங்கல். படிப்பதற்கென்றே இருக்கும் தனிக் கண்ணாடியை மாட்டிய பிறகுதான் வயரில் அச்சடித்த எண் தெரிந்தது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் கை தாங்காது; இறங்கி உட்கார்ந்து, மறுபடி ஏறுவேன்.

ஆயில் பிரஷரைக் காட்டும் இன்ஜின் மானிட்டர் பெட்டியின் நாலு ஸ்குரூவைக் கழற்றியும் அது இரண்டு விரற்கடைதான் நகர்ந்தது. வயர்க் கட்டை அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தேன். கட்டியிருந்த பிளாஸ்டிக் டைகளை ஒவ்வொன்றாக வெட்டி, 37 பின் கனெக்டரைப் பிரித்து டார்ச் அடித்தேன். எல்லாப் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் அரிசி மணி அளவு உள்வாங்கியிருந்தது. ஆயில் பிரஷர் வயர்! விமானத்தைக் கட்டியபோது அதை நான் முழுசாக அழுத்திப் பூட்டவில்லை. பின்னாலிருந்து தள்ளினேன், 'டிக்' என்றது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

"அப்பா, கிண்ணத்துல மூணுதான் இருக்கு" என்றாள் மகள்.

நாலாவது ஸ்குரூ இல்லாமல் மூட முடியாது. பெடலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. திசைகாட்டி பக்கத்திலேயே இருப்பதால் காந்தக் குச்சியும் விட மனமில்லை. அரைமணி நேரம் விரலால் தடவி, இடது பெடலின் அடியில் கண்டெடுத்தேன்.

இந்த முறை வயரை ஒரு சாண் தளர்வு விட்டுக் கட்டினேன். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டினேன். 78. அசையவில்லை. லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது ஹேங்கரில் இருட்டிவிட்டது.