கடலுக்குள் நிற்கும் பாலத்தூண்: கறள் பிடிக்கும் இடமும் தடுக்கும் வழியும்

கடலில் நிற்கும் கொங்கிரீட் தூண் முதலில் வெடிப்பது தண்ணீருக்கு அடியில் இல்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அலை பட்டு நனைந்து வெயிலில் காயும் பட்டையில்தான். தண்ணீருக்குள் உப்பு தாராளம், ஆனால் கம்பி வரை ஒட்சிசன் போய்ச் சேர்வது சொற்பம். மேலே இரண்டும் கிடைக்கும். ஒவ்வொரு முறை காயும்போதும் நீர் போய்விடும், உப்பு உள்ளே தங்கிவிடும். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் வற்றுப்பெருக்கு சிறிது. ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் சாரல் தூணின் தலை வரை ஏறும். மழையில்லாத காலத்தில் ஆழமற்ற பகுதிகளில் உப்பு கடலையும் மிஞ்சும். பண்ணையோ பொன்னாலையோ சங்குப்பிட்டியோ, இந்தக் கரையில் எந்தப் பாலத்துக்கும் கணக்கு இதுதான்.

நல்ல கொங்கிரீட்டின் பிஎச் 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று நிற்கும். கம்பியருகில் குளோரைட்டு சீமெந்து நிறையில் ஏறக்குறைய 0.4 வீதத்தைத் தாண்டினால் படலம் அங்கங்கே உடையும். கறள் இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிப்பதால் வெளிக் கொங்கிரீட் நீளவாக்கில் பிளக்கும்.

புதிதாக வார்ப்பவர்கள் கம்பிக்கு வெளியே 75 மில்லிமீற்றர் கவர், அதாவது கம்பியை மூடும் கொங்கிரீட், விடவேண்டும். நீர்–சீமெந்து விகிதம் 0.40. அதாவது 400 கிலோ சீமெந்துக் கலவைக்கு 160 லீற்றர் தண்ணீர், மணலின் ஈரமும் அதற்குள் அடக்கம். இளகவில்லை என்றால் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்து போடலாம், வாளித் தண்ணீர் ஊற்றக் கூடாது. சீமெந்தில் பாதிக்கு மேல் இரும்பாலைக் கசடு, அல்லது 30 வீதம் அளவு பறக்கும் சாம்பல் சேர்த்தால் குளோரைட்டு நுழையும் வேகம் வெகுவாகக் குறையும். சல்பேட் எதிர்ப்புச் சீமெந்து போட்டால் போதும் என்பது பலரின் நம்பிக்கை. அது சல்பேட்டுக்கு மட்டும்தான். குளோரைட்டைப் பிடித்து வைக்கும் அலுமினேற்று அதில் குறைவு.

அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு முட்டுக் கொடுக்கும் கவர் புளொக் அதே தரக் கொங்கிரீட்டில் செய்ததாக இருக்கட்டும். கல்லையோ பலகைத் துண்டையோ செருகினால் உப்புக்கு அதுவே வாசல். கட்டுக்கம்பி முனைகளை உள்ளே மடிக்க வேண்டும். கடற்கரை மணல் வேண்டாம். கரையோரக் கிணறுகள் பல உவரானவை. பரிசோதிக்காத தண்ணீரில் குழைத்தால் உப்பை நாமே உள்ளே வைத்து வார்த்ததாகும். கசடு சேர்த்த கொங்கிரீட்டை 14 நாளாவது நல்ல தண்ணீரில் சாக்கு நனைத்து ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

பழைய தூணைச் சுத்தியலால் தட்டினால் வெற்றொலி வரும் இடம் கழன்றது. கம்பியின் மின்னழுத்தத்தைச் செம்பு–செம்புச் சல்பேட்டு மின்வாயால் அளக்கும்போது −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழ் போனால் பெரும்பாலும் கறள் ஓடுகிறது. நீருக்குள் உள்ள பகுதியில் இந்த அளவை நம்ப வேண்டாம். ஒட்சிசன் இல்லாமலே எண் கீழே போகும்.

வெடித்த இடத்தை மட்டும் கொத்திப் பூசுவதுதான் இங்கே வழமை, அதுதான் ஆபத்தும். பூசிய இடத்துக் கம்பி காரத்தில் பாதுகாப்பாகிவிடும். அதுவரை இந்தக் கம்பி கறள் பிடித்ததால் தப்பியிருந்த பக்கத்துக் கம்பி அடுத்த சில வருடங்களில் பூச்சின் விளிம்பிலேயே கறள் பிடிக்கும். கம்பிக்குப் பின்னால் 25 மில்லிமீற்றர் வரை கொத்தி, விளிம்பை நேராக வெட்டி, நன்னீரை அழுத்தத்தில் அடித்துக் கழுவிய பிறகு, விளிம்பை ஒட்டித் துத்தநாக அனோட்டுகளை (கம்பிக்குப் பதிலாகத் தாம் கரையும் துண்டுகளை) கம்பியில் கட்டவேண்டும், பெரும்பாலும் அரை மீற்றருக்கு ஒன்று. கம்பிக்கு எப்பொக்சி பூசினால் அனோட்டு வேலை செய்யாது.

நனையும் பட்டை முழுதும் கெட்டிருந்தால் உள்ளே துத்தநாக வலை வைத்த பைபர்கிளாஸ் உறையைத் தூணைச் சுற்றிப் பூட்டி, சீமெந்துச் சாந்தால் நிரப்பலாம். நீருக்குள் தனித் துத்தநாகக் கட்டி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் நீருக்கடியிலுள்ள கம்பி, துத்தநாக வலையின் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். துத்தநாகத்துக்குப் பதிலாகக் கம்பிக்கு வெளி மின்சாரம் கொடுத்துக் கறளைத் தடுக்கும் முறையில், கம்பிப் பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு 10 முதல் 20 மில்லியம்பியர் தேவைப்படும். மின்னை நிறுத்தி 24 மணித்தியாலத்துக்குள் கம்பியின் மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட் தளர்ந்தால் பாதுகாப்புப் போதும். மாதாமாதம் மீற்றர் பார்த்துக் குறிக்க ஆள் இல்லாத இடத்தில் துத்தநாகமே மேல். கரண்ட் பில்லும் இல்லை, வயரை வெட்டிக்கொண்டு போகவும் எவரும் வரமாட்டார்கள்.