மனை கோலியதிலிருந்து பால் காய்ச்சும் வரை

"ஆறு மாசத்துல சாவி கொடுத்துடலாம் சார்" என்று மேஸ்திரி சொல்வதில் பொய் ஏதும் இல்லை. வேலை நாட்களை மட்டும் எண்ணினால் ஆறு மாதம்கூட ஆகாது. 1000 சதுர அடி, தரைத்தளம் மட்டும், இரண்டு படுக்கையறை, காலம் (கான்கிரீட் தூண்), பீம் போட்ட வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் கையில் கரண்டியோடு நிற்கும் நாட்களைக் கூட்டிப் பார்த்தால் 110, மிஞ்சினால் 120. ஆனால் வீடு முடிய 7 முதல் 8 மாதம் ஆகிறது. மிச்சமெல்லாம் காத்திருப்பு. அதில் ஒரு பங்கு சிமெண்ட் கேட்கும் காத்திருப்பு. அதில் கை வைக்கவே கூடாது. இன்னொரு பங்கு நாம் முடிவெடுக்காமல் இழுப்பது. டைல்ஸ் கடைகளில் மூன்று வாரம் அலைந்துவிட்டு, அதை ஈடுகட்டத் கூரைத் தளத்தின் சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் தகடும் முட்டும்) முன்னாலேயே பிரிக்கச் சொல்பவர்கள் ஏராளம்.

முதலில் கடப்பாரை விழுவதற்கு முந்தைய நாட்கள். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ, சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம். அதற்கு மேல் போனால் ஒன்றிரண்டு மாதம் ஒதுக்கிவிடுங்கள். எந்த முறையானாலும் பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சர்வேயரிடமும் தாலுகா அலுவலகத்திலும் போகும் நாட்களுக்குக் கணக்கே கிடையாது. இந்த இடைவெளியில் போர் போட்டு, தற்காலிக மின் இணைப்பு வாங்கிவிட்டால், மனை கோலும் நாளில் தண்ணீருக்கும் மோட்டாருக்கும் அலைய வேண்டாம்.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட ஜே.சி.பி. வரும் நாளிலேயே சம்ப்புக்கும் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்குக்கும் குழி எடுத்துவிடுவது நல்லது. சம்ப் முதலில் முடிந்தால் லாரித் தண்ணீரைச் சேமித்து நீராற்றலுக்கு (சிமெண்ட் வேலை இறுகும்வரை ஈரமாக வைக்க) வைத்துக்கொள்ளலாம். செப்டிக் டேங்கைக் கடைசிக்குத் தள்ளினால், பூசி முடித்த சுவரோரம் மறுபடி ஜே.சி.பி. வர வழியிருக்காது, ஆள் வைத்துத் தோண்ட ஒரு வாரம் போகும்.

12 முதல் 15 காலம் உள்ள வீட்டுக்குக் குழி எடுப்பது இயந்திரத்துக்கு ஒரு நாள் வேலை. வண்டி ஓட்டுபவர் அரை அடி கூடுதலாகத் தோண்டிவிட்டால் தோண்டிய மண்ணையே தள்ளிச் சரிக்கட்டுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள். இளகிய மண்மேல் ஃபூட்டிங் (காலத்தின் அடிப்பாதம்) உட்கார்ந்தால் ஒரு காலம் மட்டும் இறங்கி, சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். கூடுதல் ஆழத்தை அடிக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர் போன்ற கரிசல் பூமியில் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அங்கே ஆழமாகப் போவதா, பைல் (ஆழத் துளையில் இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதா என்று பொறியாளர் சொல்லும்படி செய்ய இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபூட்டிங், காலம், மண் மூடல், பிளிந்த் பீம் (பேஸ்மட்டத்தில் காலங்களை இணைக்கும் பீம்) எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு பேஸ்மட்டத்துக்குள் கிராவல் கொட்டும் கட்டத்தில்தான் அவசரம் உள்ளே நுழைகிறது. மூன்றடி உயரம் என்றால் குறைந்தது 30 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண் வேண்டும். ஒரே நாளில் கொட்டி நிரவிவிட்டால் பார்க்க முடிந்தது போலவே இருக்கும். ஆனால் அரையடி, முக்காலடி கனத்தில் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு, அதன்மேல்தான் அடுத்த அடுக்கு. இதற்கு 5, 6 நாள் ஆகும். அந்த ஐந்து நாளை மிச்சம் பிடித்த வீட்டில் ஒரு வருடம் கழித்து ஹால் டைல்ஸை விரலால் தட்டிப் பாருங்கள், காலிக் குடம் போலச் சத்தம் வரும். கறையான் மருந்து தெளிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அரை நாள் வேலை, தரை மூடிய பிறகு இதே மாதிரி தெளிக்க முடியாது.

பேஸ்மட்டம் வரை நாலைந்து வாரம். அடுத்து சுவர். 1000 சதுர அடி வீட்டுக்கு 16 முதல் 20 ஆயிரம் செங்கல் போகும். ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு கொத்தனார் நாளுக்கு 500, 600 கல் வைப்பார். மூன்று கொத்தனார் என்றால் 11 நாளில் முடிய வேண்டும்; காலண்டரில் நான்கு வாரம் ஆகிறது. காரணம், ஒரு நாளில் நாலைந்து அடிக்கு மேல் சுவரை உயர்த்தக் கூடாது. பச்சைக் கலவை பாரம் தாங்காமல் பிதுங்கும், சுவர் தூக்கு (நேர்செங்குத்து) விலகும். பாதி உயரம் வந்ததும் காலத்தை மேலே எடுக்க வேண்டும். பிறகு ஜன்னல் மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னல்களுக்கு மேல் வரும் பீம்), சன்ஷேட், லாஃப்ட் என்று ஒவ்வொன்றுக்கும் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு நிறுத்த வேண்டும். நடுவில் வாசக்கால் வைக்க நல்ல நாள் பார்ப்பார்கள். வாசக்காலுக்கான மரத்தை வானம் தோண்டும் வாரமே வாங்கி ஆசாரியிடம் கொடுத்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு மரக்கடைக்குப் போனால் ஈரமரம்தான் கிடைக்கும். முதல் கோடையில் நிலை சுருங்கி, பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவே விரல் நுழையும்.

இனி கூரைத் தளம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்ட்ரிங் அடிக்க 5 நாள், கம்பி கட்ட 3 அல்லது 4 நாள், எலக்ட்ரீஷியன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் பதிக்க ஒரு நாள், கான்கிரீட் ஒரே நாள். 5 அங்குலத் தளத்துக்கு மட்டும் 417 கன அடி கான்கிரீட். பீம்களையும் சேர்த்தால் 550 கன அடி பக்கம் வரும். வீட்டுத் தளத்துக்கு வழக்கமான எம்.20 கலவைக்கு ஏறக்குறைய 125 மூட்டை சிமெண்ட். மிக்சரில் ஒரு மூட்டைக் கலவை சுற்றி இறங்க நாலரை நிமிடம் வைத்தாலும் ஒன்பதரை மணி நேரம். காலை 6 மணிக்கு ஆரம்பித்தால்தான் இருட்டுவதற்குள் முடியும். ஆட்கள் 9 மணிக்கு வந்து, பூஜை போட்டு, டிபன் சாப்பிட்டு 10 மணிக்கு மிக்சரைச் சுற்றினால் கடைசி அறையை விளக்கு வெளிச்சத்தில் போடுவார்கள். அந்த மூலையில்தான் பின்னாளில் ஒழுகும்.

முந்தின நாள் மாலையே மேலே ஏறிப் பாருங்கள். கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் அடியில் இருக்கிறதா, நடந்து நடந்து மேல்கம்பி அமுங்கிவிட்டதா, கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டருக்கு ஊசி இரண்டு இருக்கிறதா, மிக்சருக்கு டீசல் இருக்கிறதா. வேலை ஓடும்போது தண்ணீரைக் கவனியுங்கள். மூட்டைக்கு 25 லிட்டர் போதும். ஆட்களுக்குக் கலவை தளர்வாக இருந்தால் தள்ளுவது சுலபம் என்பதால் பக்கெட் பக்கெட்டாக ஊற்றுவார்கள். வலுவும் அப்படியே கரைந்துபோகும். ரெடிமிக்ஸ் வாங்கினால் மூன்று லாரியில், மூன்று மணி நேரத்தில் தளம் போட்டுவிடலாம். மிச்சமாவது அந்த ஒரு பகல்தான், இறுகும் நாட்கள் குறையாது.

மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 10 நாள் குறைந்தபட்சம். 14 நாள் நிறுத்தினால் நிம்மதி. சென்ட்ரிங் பிரிப்பதற்கு அதே விதி சொல்வது: நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள்; 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதற்கும் மேல் 21 நாள். இது சாதாரண சிமெண்டுக்கான கணக்கு. பி.பி.சி. மெதுவாக இறுகும், ஆகவே அறைகளுக்கு 14 நாள், பீம்களுக்கு 21 நாள் என்று வைத்துக்கொள்வதே சரி. தகடும் முட்டும் வாடகைக்கு வந்தவை, அடுத்த சைட்டில் அவற்றுக்காக ஆள் காத்திருப்பார். பத்தாம் நாளே போன் வரும். வாடகையைக் கூட்டிக் கொடுத்தாவது நிறுத்தி வையுங்கள். அந்த மூன்று வாரத்தில் கைப்பிடிச்சுவர், காம்பவுண்டு, செப்டிக் டேங்க் வேலைகளை நகர்த்தலாம். மாடியும் கட்டுவதாக இருந்தால் மேல் காலங்களை ஆரம்பித்துவிடலாம். மாடிக்கென்று கூடுவது இரண்டு, இரண்டரை மாதம். பூச்சிலும் தரையிலும் இரண்டு தளமும் சேர்ந்தே ஓடும்.

தளம் பிரித்த அன்று வீடு முடிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் நாள்கணக்கில் பாதிதான் வந்திருக்கிறோம். சுவரை வெட்டி மின்பைப், தண்ணீர்ப் பைப் பதிக்க ஒரு வாரம். கிரில்லும் நிலைகளும் பூச்சுக்கு முன்பே உட்கார வேண்டும். செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசினால் பீமுக்கு அடியில் நூல் பிடித்தாற்போல விரிசல் வரும். உள்ளே, வெளியே, மேற்கூரை மூன்றும் சேர்த்து 5000 சதுர அடிக்கு மேல் பூச்சு. ஒரு கொத்தனார் நாளுக்கு 100, 120 சதுர அடி பூசுவார். மூவர் இருந்தால் 16 நாள், அதன்பின் ஒரு வாரம் தண்ணீர். மேற்கூரை முதலில், உள்சுவர் அடுத்து, வெளிப்பூச்சு கடைசி.

பூச்சு முடிந்ததும் எல்லோரும் பெயிண்டரைத் தேடுவார்கள். சுவர் காய 4 வாரம் வேண்டும். ஈரச்சுவரில் பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் மாவு) வைத்தால் ஆறு மாதத்தில் உப்புப் பூத்துச் செதிலாக உரியும். சோதித்துப் பார்ப்பது எளிது: ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அந்த நான்கு வாரமும் வீணில்லை. குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழே ஈரம் வருகிறதா என்று பார்த்து, சுவர் டைல்ஸ், பிறகு தரை, மொட்டை மாடியில் தட்டோடு என்று போகலாம். இதற்குத்தான் டைல்ஸ் தேர்வு தளம் போடும்போதே முடிந்திருக்க வேண்டும். யு.பி.வி.சி. (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னலுக்குப் பூச்சு முடிந்த பிறகே சரியான அளவு கிடைக்கும், செய்து வர இரண்டு மூன்று வாரம். சமையலறை அலமாரிக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகு அளவு, வர ஒரு மாதம். இந்த இரண்டுக்கும் ஆளை முன்பே பேசி முன்பணம் கொடுத்து வைத்திருந்தால் அளவெடுத்த அன்றே வேலை தொடங்கும்.

எப்போது தொடங்குவது என்பதற்குப் பஞ்சாங்கத்தில் 8 வாஸ்து நாள் இருக்கிறது: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. நம்பிக்கையை விட்டு மழைக்கணக்காகப் பார்த்தாலும் இவற்றில் தை 12 அருமையான நாள். ஜனவரி கடைசியில் வானம் தோண்டினால் மார்ச்சில் பேஸ்மட்டம், ஏப்ரல் கடைசியில் தளம், ஜூனில் பூச்சு; ஆடியில் உள்வேலை ஓட, ஆவணியில் பால் காய்ச்சலாம். ஒரே சிக்கல் தளம் வெயிலில் விழும். மதியம் போட்ட கான்கிரீட் மூன்று மணி நேரத்தில் மேலே வெடிக்கும், ஈரச்சாக்கு தயாராக இருக்க வேண்டும். வைகாசியும் பழுதில்லை: தளம் ஐப்பசி மழைக்குள் முடிந்துவிடும், மழையில் உள்பூச்சு, மழை விட்டு வெளிப்பூச்சு, மாசிக்குள் குடியேறலாம். ஆவணியில் தொடங்குவதுதான் வம்பு. சுவர் எழும்பும் நேரம் வடகிழக்குப் பருவமழை. சூளைகளில் கல் அறுப்பு நின்று செங்கல் விலை ஏறும். சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி தாழ்ந்த பக்கம் என்றால் குழியில் ஊற்று எடுக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பப் பத்து நாள், பொங்கலுக்கு இன்னொரு பத்து நாள். அந்த வீடு பத்து மாதத்துக்குக் குறையாது.

வங்கிக் கடனும் காலண்டரைத் தின்னும். பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் வரும், ஒவ்வொரு முறையும் வங்கிப் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கட்டம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே தகவல் சொல்லிவிட வேண்டும். கையில் அடுத்த இரண்டு வாரக் கூலிக்குப் பணம் இருந்தால்தான் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போகாமல் இருப்பார்கள். போன ஆட்களைத் திரும்பக் கொண்டுவருவது பணம் வருவதைவிடக் கடினம். ஒப்பந்தத்திலும் "8 மாதம்" என்று மொத்தமாக எழுதாமல், எந்தக் கட்டம் எந்தத் தேதிக்குள், அதற்கு எவ்வளவு பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கிரகப்பிரவேசத் தேதி. பத்திரிகை அடித்த பிறகு மாறாத ஒரே தேதி அதுதான், கடைசி மாதத்தின் கோளாறுகள் எல்லாம் அதனால்தான் வருகின்றன: காயாத பட்டி, ஒரே நாளில் இரண்டு கோட்டு பெயிண்ட், டைல்ஸ் இடுக்கு நிரப்பும் முன்பே ஆள் நடமாட்டம். நாள் தள்ள முடியாவிட்டால் தரை, வாசற்கதவு, ஒரு குழாய், ஒரு விளக்கு, இவ்வளவு போதும் பால் காய்ச்ச. சுவரில் பிரைமர் மட்டும் அடித்து, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி நடத்திவிட்டு, வந்தவர்கள் கிளம்பியதும் பெயிண்டரை உள்ளே விடுங்கள். தட்டுமுட்டுச் சாமான் ஒரு மாதம் கழித்து வரட்டும்.